31-ஆம் இடமும் 74-ஆம் இடமும்: பாளையங்கோட்டையில் ஒரு நீட் மாதிரித் தேர்வுத் தொடர்

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் நீட் மாதிரித் தேர்வுத் தொடரில் என் மகளைச் சென்ற ஆகஸ்டில் சேர்த்தேன். இதில் வகுப்புகள் கிடையாது, தேர்வு மட்டுமே. மொத்தம் 24 தேர்வுகள், கட்டணம் 6,500 ரூபாய், ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு கைப்பேசிக்கு நான்கு பக்க அறிக்கை வரும். 20 தேர்வுகள் முடிந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வேறு இடங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நண்பர்கள் காட்டிய அறிக்கைகளிலும் ஏறக்குறைய இதே குறைகளைக் கண்டேன் என்பதால், ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமாகாது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பி.எட். முடித்து, ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதப் போனவன் நான். பேரேட்டில் ஒரு தொகை கூடினாலும் குறைந்தாலும் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. மகளின் அறிக்கைகளையும் அப்படித்தான் படித்தேன். பிள்ளையை நம்பாமல் அப்படிப் படித்ததாக யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் தேர்வுக்கூடம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. சேரன்மகாதேவியில் காலை ரயிலைப் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போய்ச் சேரும் பிள்ளைக்கு, 180 நிமிடங்களில் 180 கேள்விகள் என்ற நீட் நடைமுறையை அப்படியே தருகிறார்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு, மொத்தம் 720. கைக்கடிகாரத்தையும் தண்ணீர்ப் பாட்டிலின் லேபிளையும் கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளும் அசல்போலவே இருக்கிறது. மூன்றாவது தேர்வில் என் மகள் வரிசை எண்ணில் ஒரு வட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டாள். அறிக்கையில் அவளுக்குச் சுழியம் வந்தது, அதைத் திருத்தி வாங்க இரண்டு வாரம் ஆனது. அந்தச் சுழியம் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள் என்பதால், அந்தத் தாமதத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

விரிவாகப் பேச வேண்டியது அறிக்கையைப் பற்றி. நிலையத்தின் விளம்பரத் தட்டியிலேயே "உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று வாரம்தோறும் தெரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் விற்கும் பொருள் அதுதான். அறிக்கையின் முதல் பக்கத்தில் மதிப்பெண், இடம், பெர்சன்டைல் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் பாடவாரியான மதிப்பெண்ணும், மூன்றாம் பக்கத்தில் முன்தேர்வுகளோடு ஒப்பிடும் கோட்டுப்படமும் இருக்கும். நான்காம் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான பொடி எழுத்தில், 180 கேள்விகளுக்கும் ஓர் அட்டவணை இருக்கும். பெற்றோர் பலரும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் எட்டுத் தேர்வுவரை அப்படித்தான் இருந்தேன்.

ஒன்பதாம் தேர்வில் அவள் எடுத்தது 388. எழுதியவர்கள் 96 பேர், அவளுடைய இடம் 31. பத்தாம் தேர்வில் எடுத்தது 421, அதாவது 33 மதிப்பெண் அதிகம். இடமோ 74. அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யப்பா, மார்க்கு கூடியிருக்கு, எடம் எறங்கிட்டுல்லா. இது எப்படிப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. அறிக்கையின் கோட்டுப்படமோ மலையிலிருந்து உருண்டதுபோல் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி வேறு.

அடுத்த நாள் சங்கத்தில் மதிய இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெர்சன்டைல் என்பதைப் பாடநூலில் நூற்றுமானம் என்பார்கள். ஒருவர் எடுத்த மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள், எழுதிய நூறு பேருக்கு எத்தனை பேர் என்பதே அது. ஒன்பதாம் தேர்வில் அவளுக்கு மேலே 30 பேர், அவளோடு சேர்த்துக் கீழே 66 பேர், ஆகவே 68.75. பத்தாம் தேர்வில் எழுதியவர்கள் 164 பேர், மேலே 73, அவளோடு சேர்த்துக் கீழே 91, ஆகவே 55.49. பிள்ளை 33 மதிப்பெண் ஏறியபோது பெர்சன்டைல் 13 இறங்கியதன் காரணம் எழுதியவர்களின் எண்ணிக்கையில்தான் இருந்தது. இடையில் 68 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு நீட் எழுதி, இடம் கிடைக்காமல், மறுபடி எழுதும் ரிப்பீட்டர் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடம், செய்முறைத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு என்று எதுவும் அவர்களுக்கு இல்லை, நாள் முழுவதும் நீட் மட்டுமே.

புதியவர்களின் வரிசை எண் வேறோர் எழுத்தில் தொடங்கியதால் பிரித்துப் பார்ப்பது எளிதாக இருந்தது. பழைய 96 பேரை மட்டும் எடுத்து அடுக்கினால் அவள் 24-ஆம் இடம், பெர்சன்டைல் 76.04. அதாவது கூடப் படிக்கும் பிள்ளைகளிடையே அவள் ஏழு இடம் முன்னேறியிருக்கிறாள். அவளுக்கு மேலிருந்த 73 பேரில் 50 பேர் ஓராண்டு கூடுதலாகப் படித்தவர்கள். இவ்வளவும் நிலையத்தின் கணினியில் இருக்கிறது. ஒரு வரியில் அச்சிட்டிருந்தால் அந்த இரவுச் சாப்பாடு வீணாகியிருக்காது.

ரிப்பீட்டர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் வாதமன்று. மே மாதம் அசல் தேர்வில் அவர்களோடுதான் எழுதப் போகிறாள், ஆகவே அந்த 74-ஆம் இடமும் உண்மைதான். ஆனால் 31-ஐயும் 74-ஐயும் ஒரே கோட்டில் இணைத்து இறங்குமுகமாக வரைவதுதான் பிழை. உழக்கை மாற்றிவிட்டு நெல் குறைந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது அது.

இதைக் கேட்பதற்காக அடுத்த ஞாயிறு சீக்கிரமே போனேன். பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, வராந்தாவில் பெற்றோர்கள் காத்திருக்கும் மூன்று மணி நேரம் ஒரு தனி உலகம். வீரவநல்லூரிலிருந்து வரும் ஓர் அம்மா என்னிடம், "ஏன் அண்ணாச்சி, அம்பது பெர்சன்டைல் எடுத்தா பாஸுன்னு சொல்லுதாவ. அப்போ எழுநூத்தி இருவதுல முந்நூத்தி அறுவது எடுக்கணும்லா?" என்று கேட்டார். அந்த வராந்தாவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் பிறகு நடந்த பேச்சில் தெரிந்தது. பொதுப் பிரிவுக்குத் தகுதி எல்லை 50 பெர்சன்டைல், இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு 40. ஆனால் 50 பெர்சன்டைல் என்பது எழுதியவர்களில் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்ணே தவிர, 720-இல் பாதியன்று. அப்படி நடுவில் நின்றவர் எடுத்த மதிப்பெண் 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144. கடைசியாகச் சொன்ன 144 என்பது 720-க்கு இருபது விழுக்காடு மட்டுமே. வினாத்தாள் கடினமானால் எல்லை தானே இறங்கும், எளிதானால் ஏறும். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர், 2025-இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. அப்படியிருக்க, "போன வருஷத்துப் பிள்ளை 600 எடுத்தான், நீ 580-தானா" என்று வீட்டில் கேட்பதில் பொருளே இல்லை. அந்த அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, தகுதி பெறுவது வேறு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு என்பதையும் சேர்த்தே சொன்னேன். 144 எடுத்தால் போதும் என்று அவர் நிம்மதியாகப் போய்விடக் கூடாதே.

தேர்வுப் பொறுப்பாளர் நல்ல மனிதர். என் தாளை வாங்கி, எழுதியிருந்த கணக்கை விரலால் ஓட்டிப் பார்த்தார். "நீங்க சொல்லது நியாயந்தான் சார். ஆனா எடம் போடலன்னா பாதிப் பேரு அடுத்த தவணை கட்டமாட்டாவ. மொதல்ல கேக்கதே எத்தனாவது எடம்னுதான்" என்றார். இதில் வாங்குகிற நம் பங்கும் இருக்கிறது. பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசே கைவிட்டது. அந்தப் பட்டியலை நாம்தான் வாட்ஸ்அப் குழு வழியாகக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். இந்த நிலையத்திலும் முதல் ஆறு தேர்வுகளுக்குப் பெயரும் பள்ளியும் போட்டே முழுப்பட்டியலைக் குழுவில் அனுப்பினார்கள். சில பெற்றோர்கள் கேட்டுக்கொண்ட பிறகு வரிசை எண் மட்டும் போடுகிறார்கள். கேட்டவுடன் மாற்றினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அன்று நான் இரண்டு கோரிக்கைகளை வைத்தேன். முதலாவது நிறைவேறியது. பன்னிரண்டாம் தேர்விலிருந்து, இந்த ஆண்டு பிளஸ் டூ படிப்பவர்களிடையே எத்தனையாவது இடம் என்பதையும், அரசுப் பள்ளி மாணவர்களிடையே எத்தனையாவது இடம் என்பதையும் தனித்தனியாகப் போடுகிறார்கள். இரண்டாவது வரி என் மகளுக்கு முக்கியம். அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிப்பவள். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது, அந்த இடங்களுக்குத் தரவரிசைப் பட்டியலே தனி. அந்த வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்பது, பெரிய தனியார் பள்ளிகளின் ரிப்பீட்டர்கள் எத்தனை பேர் அவளுக்கு மேலே இருக்கிறார்கள் என்பதைவிட அவளுக்குத் தேவையான செய்தி. பத்தாம் தேர்வுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது 41 பேரில் அவள் ஒன்பதாவது. அதே மதிப்பெண்ணுக்கு 74, 24, 9 என மூன்று இடங்கள். மூன்றும் பொய்யில்லை. யாரோடு என்று சொல்லாமல் எத்தனையாவது என்று மட்டும் சொல்வதுதான் சிக்கல்.

இரண்டாவது கோரிக்கை இன்னும் இழுபறியில் இருக்கிறது. அவர்களுடைய கூடத்தில் நூறு பேர்தான் உட்கார முடியும் என்பதால், ஆட்கள் கூடிய பிறகு சனி மாலை ஓர் அணி, ஞாயிறு காலை ஓர் அணி என்று பிரித்தார்கள். ஒரே வினாத்தாளைக் கொடுத்தால் சனிக்கிழமை இரவே கேள்விகள் கைப்பேசியில் பறந்துவிடும் என்று வெவ்வேறு வினாத்தாள்களைக் கொடுக்கிறார்கள். அதுவரை சரி. ஆனால் இரண்டு தாள்களின் மதிப்பெண்களையும் அப்படியே கலந்து ஒரே பட்டியலாக அடுக்கிவிடுகிறார்கள். பதின்மூன்றாம் தேர்வில் சனி அணியின் சராசரி 391, ஞாயிறு அணியின் சராசரி 352. என் மகள் ஞாயிறு அணியில் 405 எடுத்து, 94 பேரில் 28-ஆவதாக வந்தாள். சனி அணியில் 420 எடுத்த ஒரு பிள்ளை 70 பேரில் 27-ஆவது. கலந்த பட்டியலில் 420 மேலே, 405 கீழே. அணிவாரியான பெர்சன்டைலில் பார்த்தால் இவள் 71.28, அந்தப் பிள்ளை 62.86.

இப்படிப் பல வேளைகளில் நடக்கும் தேர்வுக்கு என்ன செய்வது என்பதற்குத் தெரிந்த வழிகள் உண்டு. பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் ஒவ்வொரு வேளைக்கும் தனியாகப் பெர்சன்டைல் கணக்கிட்டு, அதை ஏழு தசம இடங்கள்வரை எடுத்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நம் பொறியியல் கலந்தாய்வில் வெவ்வேறு பாடத்திட்டத்து மாணவர்களை ஒப்பிட வேறொரு முறை இருக்கிறது. ஒரு பாடத்திட்டத்தில் இயற்பியலின் உச்ச மதிப்பெண் 90 என்றால் அது 100-க்குச் சமமாகக் கொள்ளப்படும், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 என்று ஆகும். நான் பொறுப்பாளரிடம் முதலில் ஜே.இ.இ. முறையைத்தான் பரிந்துரைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது நானே சறுக்கியது தெரிந்தது. ஜே.இ.இ.யில் ஒவ்வொரு வேளையிலும் பெருங்கூட்டம் எழுதுகிறது, யார் எந்த வேளையில் என்பதும் கலந்து கிடக்கிறது. ஆகவே ஒரு வேளைக்காரர்கள் மொத்தமாக இன்னொரு வேளைக்காரர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க வாய்ப்பில்லை என்று கொள்ளலாம். இங்கே அப்படியில்லை. உள்ளூர் விடுதிகளில் தங்கியிருக்கும் ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் சனி அணியில், கிராமங்களிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வரும் பள்ளிப் பிள்ளைகள் ஞாயிறு அணியில். சனி அணியின் சராசரி உயர்ந்தது தாள் எளிதாக இருந்ததாலா, பிள்ளைகள் தேர்ந்தவர்களாக இருந்ததாலா என்று இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அணிவாரியாகப் பெர்சன்டைல் போட்டால் பலவீனமான அணியில் இருப்பவர்களுக்கு, என் மகள் உட்பட, இலவசமாக ஏற்றம் கிடைத்துவிடும்.

ஒரே வழி, இரண்டு தாள்களிலும் முப்பது கேள்விகளையாவது பொதுவாக வைத்து, அந்த முப்பதில் இரு அணிகளும் எப்படிச் செய்தன என்று பார்த்து மற்றவற்றைச் சரிக்கட்டுவது. அந்த முப்பதும் வெளியே போய்விடும் என்று பொறுப்பாளர் அஞ்சுகிறார். அவர் அச்சமும் நியாயமே. அதுவரை கலந்த பட்டியலை அச்சிடாமல் இருக்கலாமே என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார், இருபதாம் தேர்வுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சின்ன ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும். ஆனால் பத்துக் கேள்விகளுக்கு அப்படிச் செய்தால் அதிர்ஷ்டத்தால் மட்டும் ஏழு மதிப்பெண் மேலேயோ கீழேயோ போவது வெகு சாதாரணம். பத்தாம் தேர்வில் 414-க்கும் 428-க்கும் இடையில் 19 பிள்ளைகள் இருந்தார்கள். பட்டியலின் நடுப்பகுதி எப்போதும் டவுன் பஸ்போல நெரிசலாகத்தான் இருக்கும், ஒருவர் அரையடி நகர்ந்தால் பத்துப் பேரைத் தாண்டிவிடுவார். பட்டியலின் இரு முனைகளிலும் இருபது மதிப்பெண் கூடினாலும் இடம் மாறாது. ஆகவே நடுவில் நிற்கும் பிள்ளை பத்து இடம் இறங்கியதற்காக வீட்டில் யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. நிலையம் இதை அறிக்கையில் ஒரு குறிப்பாகப் போடலாம். போடவில்லை.

இனி நான்காம் பக்கம். 6,500 ரூபாயில் பெரும்பகுதி இதற்கே தகும் என்பது என் முடிவு. ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை நிரப்பிய விடை, சரியான விடை, நான்கு விடைகளையும் தனித்தனியாக எத்தனை விழுக்காட்டினர் தேர்ந்தார்கள், முதல் பத்து இடத்தவர் எதைத் தேர்ந்தார்கள் ஆகிய எல்லாம் இதில் இருக்கின்றன. சகமாணவர்களோடு ஒப்பிடுவதென்றால் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். பத்தாம் தேர்வில் இயற்பியல் 27-ஆம் கேள்வி, இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்தால் தொகுபயன் மின்தேக்குத்திறன் என்ன என்பது. 81 விழுக்காட்டினர் சரியாகச் செய்ததை இவள் தவறவிட்டிருக்கிறாள். மின்தடைகளுக்கான விதியை மின்தேக்கிகளுக்கும் போட்டிருக்கிறாள். உயிரியலில் ஒரு மரபியல் கேள்வியை ஒன்பது விழுக்காட்டினர் மட்டுமே சரியாகச் செய்திருக்கிறார்கள், அவர்களில் இவளும் ஒருத்தி. முதல் பக்கத்தைப் பார்த்தால் கவலைப்பட மட்டுமே முடிந்தது. இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு திங்கட்கிழமை எதைப் படிப்பது என்று தெரிந்தது.

ஞாயிறு இரவு நாங்கள் இருவரும் இந்த அட்டவணையில் இரண்டு வகைக் கேள்விகளை மட்டும் வட்டமிடுகிறோம். எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் செய்து இவள் தவறியவை சிவப்பில், இருபது விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் செய்து இவளும் தவறியவை நீலத்தில். சிவப்பை அந்த வாரமே படிக்கிறாள். நீலத்தைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் ஒரு தேர்வுக்கு இருபதுக்கும் மேல் இருந்த சிவப்பு வட்டங்கள் பதினெட்டாம் தேர்வில் ஏழாகக் குறைந்தன. இடம் என்னவோ அறுபதுகளிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

இதே பக்கம் நிலையத்தின் பிழையையும் பிடித்துக்கொடுத்தது. பதினான்காம் தேர்வில் வேதியியலில் இருமுனைத் திருப்புத்திறன் சுழியாக உள்ள மூலக்கூறு எது என்று ஒரு கேள்வி. தந்திருந்த விடைகள் முறையே அம்மோனியா, நைட்ரஜன் ட்ரைபுளூரைடு, போரான் ட்ரைபுளூரைடு, நீர். விடைக்குறிப்பில் இரண்டாவது விடை சரி என்றிருந்தது. அட்டவணையில் அதை ஏழு விழுக்காட்டினர் மட்டுமே தேர்ந்திருந்தார்கள், முதல் பத்து இடத்தவர் அத்தனை பேரும் மூன்றாவதை நிரப்பியிருந்தார்கள். பி.எட். வகுப்பில் வினாப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. மேலேயுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழேயுள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்து, ஒரு கேள்வியை எந்தக் கூட்டம் அதிகம் சரியாகச் செய்தது என்று பார்ப்பது. அந்த 27 என்ற அளவைக் கெல்லி என்ற அறிஞர் 1939-இல் கணக்கிட்டுச் சொன்னார் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன், வேலைக்கு உதவவில்லை, இதற்கு உதவியது. நன்றாகப் படிப்பவர்கள் கூட்டமாகத் தவறி, மற்றவர்களில் சிலர் மட்டும் சரியாகச் செய்திருந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகிக்க வேண்டும். போரான் ட்ரைபுளூரைடு ஒரே தளத்தில் முக்கோணமாக அமைவதால் அதன் மூன்று பிணைப்புகளின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியாகிவிடும். விடை மூன்றுதான். மகளே விளக்கினாள். எழுதி அனுப்பினோம். இரண்டே நாளில் குறிப்பைத் திருத்தி எல்லோருக்கும் புதிய அறிக்கை அனுப்பினார்கள், அவளுக்கு ஐந்து மதிப்பெண் கூடியது, மற்றவர் பலருக்கும் கூடியதால் இடம் அநேகமாக அப்படியே இருந்தது.

அந்த அட்டவணையை அவர்கள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால், தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள தேர்வுத் தொடரை நான் காட்டமாட்டேன். கேள்விகளின் தரம் நன்று. இயற்பியல் மட்டும் சில நேரம் பழைய ஜே.இ.இ. கணக்குகளை எடுத்துப் போட்டுப் பிள்ளைகளை மிரட்டுகிறது. அறிக்கை புதன்கிழமைக்குள் வந்துவிடுகிறது. விடை விளக்கத்தை ஆங்கிலத்தில் மட்டுமே தருகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலர் எழுதும் இடத்தில் இது பெரிய குறை. கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டுத் தொடருக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. என் தங்கை மகன், எனக்கு மருமகன் முறை, பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்காகப் போன ஞாயிறு முதல் தவணையைக் கட்டினேன். ரசீதைத் திருப்பி, அதன் பின்புறத்தில் "பள்ளி மாணவர்களுக்கான இடம் தனியாகத் தரப்படும், இரண்டு அணிகளின் பட்டியலும் கலக்கப்படாது" என்று எழுதித் தரும்படி கேட்டேன். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே முதல் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வரிக்கு, "ஜூன்ல வாங்க சார், பாப்போம்" என்றார்.